கசிவு

டுலூத் நகரம், தொண்ணூற்று நாலு, பிப்ரவரி.
எங்களுக்குக் கிடைத்தது பதினோரு இரவுகள்.
பகலில் அந்த ஸ்டூடியோ
மெத்தைக் கடைக்கும் டயர் கடைக்கும்
விளம்பரப் பாட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்.
இரவென்றால் பாதி வாடகை.
ஹீட்டரை மட்டும் அணைத்துவிட வேண்டும்,
அதன் முனகல் மைக்கில் ஏறுகிறது.
எங்கள் முதல் ஆல்பம் முழுக்க
கோட்டைக் கழற்றாமல் வாசித்தது.

பேண்டின் பெயர் சால்ட் ட்ரக்.
ஏரிக்கரைச் சரிவில் உப்புத் தூவிப் போகும் லாரிக்குப் பின்னால்
ஒரு மணி நேரம் ஊர்ந்த காலையில்
வேறு பெயர் யாருக்கும் தோன்றவில்லை.
ஆல்பத்துக்குப் பெயர் ஈவன் சைடு.
இரட்டை எண் வீடுகளின் பக்கம்
வேனை நிறுத்தியதற்கு வந்த அபராதச் சீட்டு,
அதில் இருந்த வார்த்தை.
அபராதம் இன்னும் கட்டவில்லை என்று நினைக்கிறேன்.

பாடினவள் லோர்னா ஹாக்கன்சன்.
டிரம்ஸ் வெஸ் நியெமெலா, கிடார் டெல்மர் ப்ரூ.
பாஸ் கிடார் நான்.
அட்டையில் தேடாதீர்கள்.
பொடி எழுத்தில் நன்றி என்று ஒரு பத்தி வரும்,
பீட்சாக் கடைக்கும் வெஸ்ஸின் அத்தைக்கும் நடுவே
ஐரீன் ஸ்வோபோடா.

ஏப்ரலில் கடிதம் வந்தது.
பாஸ் பின்தங்குகிறது என்று
சிகாகோ கம்பெனி சொல்கிறதாம்.
முதல் கையெழுத்து லோர்னாவுடையது.
யாரோ ஒருவர் வந்து இரண்டே நாளில்
ஒன்பது பாட்டையும் புதிதாக வாசித்துவிட்டுப் போனார்.
நல்ல கை. குறை சொல்ல ஒன்றுமில்லை.

தாமதம்தான், பொய்யில்லை.
வெஸ் கதவைத் திறந்தபின்
அரை மாத்திரை கழித்து உள்ளே வருகிறவள் நான்.
அப்படி வருவதுதான் எனக்குப் பிடித்திருந்தது.

ஆனால் தனித்தனியாகப் பதிவுசெய்ய
எங்களிடம் காசில்லை.
நாலு பேரும் ஒரே அறை.
என் பெட்டியிலிருந்து வழிந்தது
வெஸ்ஸின் மைக்குகளுக்குள் போய்ச் சேர்ந்திருக்கிறது.
என்னை அழித்தார்கள்,
டிரம்ஸை அழிக்க முடியுமா?

ஆறாவது பாட்டு, இரண்டாம் சரணம் முடிகிற இடம்.
எல்லாம் அடங்கி சிம்பல் மட்டும் தேயும்போது
நாலு நொடி,
அவருடைய சரியான சுரத்துக்குக் கீழே
என்னுடையது, கொஞ்சம் பிந்தி.
ஹெர்மன்டவுன் சந்திப்பில் சிவப்பு விளக்கில்
வானொலியில் முதன்முதலாகக் கேட்டேன்.
பச்சை விழுந்தும் நின்றிருக்கிறேன்,
பின்னால் எல்லாரும் ஹாரன்.

இப்போது நிஜமாகவே உப்பு லாரி ஓட்டுகிறேன்.
கவுன்ட்டிச் சம்பளம், பல்லுக்கும் காப்பீடு.

போன வாரம் மினியாபொலிஸிலிருந்து ஒரு பையன்,
டோபின் ஆக்டர்பெர்க் என்றான்,
முப்பதாம் ஆண்டுப் பதிப்புக்குத் தூசு தட்டுகிறானாம்.
மரியாதையான குரல்.
ஆறாவது பாட்டில் அடியில் இன்னொரு பாஸ் கேட்கிறது மேடம்,
இப்போது மென்பொருள் வந்துவிட்டது,
உமி வேறு அரிசி வேறாகப் பிரித்துவிடலாம்,
எடுத்துவிடவா?

அதற்குச் சற்று முன்னால்
'டக்' என்று ஒரு சத்தம் இருக்குமே என்றேன்.
இருக்கிறது என்றான்.
அது குளிருக்கு
என் முதுகோடு முதுகு சாய்ந்து பாடிக்கொண்டிருந்த லோர்னா.
அவள் கோட்டின் பின்பட்டைப் பொத்தான்
என் கிடார் வாரின் கொக்கியில் இடித்தது.
இதை அவனிடம் சொல்லவில்லை.
அதை எடுத்தால் இதுவும் போகுமா என்று மட்டும் கேட்டேன்.
இரண்டும் ஒரே இடத்தில் ஒட்டிக் கிடக்கின்றன,
உறுதி சொல்ல முடியாது என்றான்.

பிறகு அவன் காத்திருந்தான்.
நானும் எதற்கோ காத்திருந்தேன்.
இருக்கட்டும் என்று நான் சொன்னபோது
அவனும் ஏதோ பேசத் தொடங்கியிருந்தான்,
இரண்டு குரலும் மோதி
எதுவும் சரியாகக் கேட்கவில்லை.

அன்றிரவு எட்டு அங்குலம் பனி.
நாலாவது தெருவில் இரட்டை எண் பக்கம்
ஒரு பழைய வேன் நின்றது, நகர்த்தச் சொல்ல ஆளில்லை.
சுற்றிக்கொண்டு போய்
அதற்கும் இரண்டு கை உப்பு கூடுதலாகப் போட்டேன்.